வாசகர் வினா – விடை: முருங்கையிலையில் கரோட்டீன் எவ்வளவு?

கீரை வகைகளிலுள்ள கரோட்டீன் நிறப்பொருள்களை அளப்பது குறித்து வந்த கடிதங்கள் சிலவற்றை இம்முறை ஒன்றாகச் சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறோம். இடநெருக்கடி காரணமாகக் கடிதங்கள் சுருக்கித் தரப்பட்டுள்ளன.

வினா: எனது இறுதியாண்டு ஆய்வுக்காக முருங்கையிலை 1 கிராமை 80 சதவீத அசற்றோனில் அரைத்து, வடித்து, 100 மில்லிலீற்றராக்கினேன். நிறமாலை ஒளிமானியில் 663.2 நனோமீற்றரில் 0.750, 646.8 இல் 0.330, 470 இல் 0.800 என வாசிப்புகள் கிடைத்தன. கணக்கிட்டால் 100 கிராம் பச்சை இலைக்கு 25.6 மில்லிகிராம் கரோட்டீன் வருகிறது. அட்டவணைகளிலோ 6.78 மில்லிகிராம் என்றுதான் இருக்கிறது. எங்கே பிழை விட்டேன்? — பல்கலைக்கழக மாணவி, கோண்டாவில்.

கணக்கில் பிழை இல்லை. விடைக்கு நீங்கள் இட்ட பெயரில்தான் பிழை இருக்கிறது. நீங்கள் பயன்படுத்தியவை தாவர ஆய்வாளர் லிக்டென்தாலர் 1987 இல் வெளியிட்ட சமன்பாடுகள். அவற்றின்படி, 663.2 இல் பெற்ற வாசிப்பை 12.25 ஆல் பெருக்கி, அதிலிருந்து 646.8 இன் வாசிப்பை 2.79 ஆல் பெருக்கிக் கழித்தால் பச்சையம் 'அ' கிடைக்கும். உங்கள் சாற்றில் அது மில்லிலீற்றருக்கு 8.27 மைக்குரோகிராம். அவ்வாறே 21.50, 5.10 என்ற எண்களைக் கொண்டு பச்சையம் 'ஆ' 3.27 எனக் கிடைக்கிறது. பின்னர் 470 இன் வாசிப்பை ஆயிரத்தால் பெருக்கி, அதிலிருந்து பச்சையம் 'அ' வின் 1.82 மடங்கையும் 'ஆ' வின் 85.02 மடங்கையும் கழித்து, மீதியை 198 ஆல் வகுத்தால் வருவது 2.56. அதாவது 1 கிராம் இலையில் 256 மைக்குரோகிராம். 100 கிராமுக்கு 25.6 மில்லிகிராம். எல்லாம் சரியாகவே இருக்கிறது.

ஆனால் இந்த 2.56 என்பது, உடலில் விற்றமின் 'ஏ' ஆக மாறுகின்ற, அட்டவணைகள் 'கரோட்டீன்' என்று குறிக்கின்ற பீற்றா கரோட்டீன் அன்று. இலையிலுள்ள கரோட்டீனொயிட்டுகள், அதாவது கரோட்டீன் குடும்பத்து நிறப்பொருள்கள், அனைத்தினதும் கூட்டுத்தொகை அது. பச்சை இலை எதுவாயினும், அதில் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த நால்வர் முக்கியமானவர்கள்: லூட்டீன், பீற்றா கரோட்டீன், வயலாசாந்தின், நியோசாந்தின். பொதுவாக லூட்டீன் ஏறத்தாழ 45 சதவீதமாகவும், பீற்றா கரோட்டீன் 25 முதல் 30 சதவீதமாகவும், மற்றவை இரண்டும் ஒவ்வொன்றும் 15 சதவீதமளவிலும் இருக்கும். நால்வரும் நீல ஒளியை உறிஞ்சுகிறவர்களாதலால் 470 நனோமீற்றரில் வைத்து அவர்களைத் தனித்தனியே அடையாளங்காண முடியாது. உங்களுடைய 25.6 இல் 25 முதல் 30 சதவீதம் என்றால் 6.4 முதல் 7.7 வரை வரும். அட்டவணையின் 6.78 அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. இதைக் கண்டு மகிழலாம். ஆனால் 'எனது மாதிரியில் பீற்றா கரோட்டீன் 6.8 மில்லிகிராம்' என்று ஆய்வறிக்கையில் எழுதிவிடக் கூடாது. நீங்கள் அளந்தது மொத்தம் ஒன்றையே. பங்கு வீதம் பிறர் பிற இலைகளில் கண்டது.

உங்கள் வாசிப்புகளை வேறொரு வழியாலும் சரிபார்க்கலாம். இரண்டு பச்சையங்களின் கூட்டுத்தொகையான 11.54 ஐ 2.56 ஆல் வகுத்தால் 4.5 வருகிறது. வெயிலில் வளர்ந்த இலைகளில் இவ்விகிதம் 4.2 இற்கும் 5 இற்கும் இடையிலும், நிழலில் வளர்ந்தவற்றில் 5.5 இற்கும் 7 இற்கும் இடையிலும் அமையும். முருங்கை வெட்டவெளியில் நிற்கும் மரம் என்பதால் 4.5 பொருத்தமான எண்தான். விகிதம் 3.5 இலும் குறைந்தால் இலை பழுக்கத் தொடங்கிவிட்டது அல்லது ஏதோ நெருக்கடிக்கு ஆளாகியிருக்கிறது என்று கொள்ள வேண்டும்.

இன்னும் சில விடயங்களை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். 750 நனோமீற்றரில் சாற்றின் வாசிப்பு பூச்சியத்தை ஒட்டி இருக்க வேண்டும்; இல்லையெனில் சாறு கலங்கலாக இருக்கிறது, அந்தக் கலங்கலும் கரோட்டீனாகக் கணக்கில் ஏறிவிடும். 663.2, 646.8 என்று தசமம் போட்டு அலைநீளம் சொல்லியிருப்பது அழகுக்காக அன்று: பச்சையத்தின் சிவப்பு உச்சி கூர்மையானது, எனவே வடிகட்டிக் கண்ணாடி பொருத்திய பழைய நிறமானியில் எடுத்த வாசிப்புக்கு இந்தச் சமன்பாடுகள் செல்லுபடியாகா. ஒளிமானியில் சாற்றை வைக்கும் சிறு கலமான கியுவெற்று பிளாத்திக்காக இருந்து, அதில் அசற்றோனை ஊற்றினால் அது சில நிமிடங்களில் மங்கிவிடும், கண்ணாடியே வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமாக, அரைத்த சக்கை வெளிறும் வரை புதிய அசற்றோனால் திரும்பத் திரும்பக் கழுவியிருக்க வேண்டும். நீர் கலந்த அசற்றோனில் பச்சையம் இலகுவில் வெளியேறும்; நெய்ப்பசை கூடிய பீற்றா கரோட்டீன்தான் கடைசி வரை சக்கையோடு ஒட்டிக்கொண்டிருக்கும்.

வினா: சிவப்புக்கீரை அவிக்கும்போது தண்ணீர் சிவந்துவிடுகிறது. சத்தான கரோட்டீன் எல்லாம் தண்ணீரோடு போய்விடுகிறதா? — குடும்பத்தலைவி, சுன்னாகம்.

இல்லை. கரோட்டீன் தண்ணீரில் கரையாது. தண்ணீரைச் சிவக்க வைப்பது அமராந்தின் என்ற வேறொரு நிறப்பொருள். அது பீற்றூட்டின் சிவப்புக்கு உறவு. பசளிப் பழத்தின் ஊதாச் சாறும் அந்த வகையே. சிவப்புக்கீரையிலும் கரோட்டீன் உண்டு. ஆனால் அது பச்சையத்துக்கும் சிவப்புக்கும் பின்னால் மறைந்திருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. எனினும் அந்தத் தண்ணீரை ஊற்றிவிட வேண்டாம். விற்றமின் 'சி' உட்பட நீரில் கரையும் சத்துகள் அதில் இருக்கின்றன.

அளப்பவர்களுக்கு ஒரு குறிப்பை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மேலே கூறிய சமன்பாட்டை அப்படியே சிவப்புக்கீரைச் சாற்றில் பயன்படுத்தினால் விடை பெருத்துவிடும். அமராந்தினின் உறிஞ்சல் உச்சி 540 நனோமீற்றரை ஒட்டியது என்றாலும், அதன் வால் 470 வரை நீள்கிறது. முதலில் சாற்றைப் பிரிபுனலில் பெற்றோலியம் ஈதரோடும் நீரோடும் குலுக்க வேண்டும். சிவப்பு நீரோடு கீழே தங்கும், கரோட்டீனொயிட்டுகள் ஈதருக்கு மேலேறும்.

வினா: முருங்கையிலையில் கரற்றைவிடப் பத்து மடங்கு விற்றமின் 'ஏ' இருப்பதாகத் துண்டுப்பிரசுரம் ஒன்றில் வாசித்தேன். எனது மகள் அனுப்பிய அமெரிக்க அட்டவணையிலோ கரற்றுக்கு 835, முருங்கையிலைக்கு 378 என்றிருக்கிறது. இருவரில் யார் பொய் சொல்கிறார்கள்? — ஓய்வுபெற்ற ஆசிரியர், நல்லூர்.

ஐயா, இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் துண்டுப்பிரசுரம் ஒப்பிடத் தகாத இரண்டை ஒப்பிடுகிறது. அந்தப் 'பத்து மடங்கு' எங்கிருந்து வந்தது என்பதைப் பின்தொடர்ந்து பார்த்தால் விடயம் விளங்கும். பழைய அட்டவணைகளில் 100 கிராம் கரற்றுக்கு 1.89 மில்லிகிராம் கரோட்டீனும், பச்சை முருங்கையிலைக்கு 6.78 மில்லிகிராமும், உலர்ந்த முருங்கையிலைத் தூளுக்கு 18.9 மில்லிகிராமும் காட்டப்பட்டுள்ளன. 18.9 ஐ 1.89 ஆல் வகுத்தால் பத்து. அதாவது தண்ணீர் வற்றிய தூளைத் தண்ணீர் நிறைந்த பச்சைக் கரற்றோடு நிறுத்திப் பார்த்திருக்கிறார்கள். கரற்றையும் உலர்த்தித் தூளாக்கி வைத்தால் இந்தப் பெருமை வெகுவாகக் கரைந்துவிடும். பச்சைக்குப் பச்சை பார்த்தால் 3.6 மடங்குதான்.

அந்த 3.6 மடங்கும்கூடக் கரற்றுக்கு 1.89 என்ற எண் பொருந்தினால் மட்டுமே. அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் அட்டவணையில் 100 கிராம் கரற்றில் பீற்றா கரோட்டீன் 8,285 மைக்குரோகிராம், அல்பா கரோட்டீன் 3,477 மைக்குரோகிராம். கரற்றின் இனமும் நிறமும் மாறும்போது கரோட்டீனும் பல மடங்கு மாறும் என்பதால், ஓரிடத்துக் கரற்று எண்ணை இன்னோரிடத்து முருங்கையோடு ஒப்பிடுவது எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால் வீண் வழக்கு.

இனி மகள் அனுப்பிய 835 க்கும் 378 க்கும் வருவோம். அவை கரோட்டீனின் அளவுகள் அல்ல. 'ரெட்டினோல் செயற்பாட்டுச் சமவலு' என்ற அலகில் தரப்பட்ட விற்றமின் 'ஏ' அளவுகள். இலையில் விற்றமின் 'ஏ' நேரடியாக இல்லை. உடலே கரோட்டீனைப் பிளந்து அதை ஆக்கிக்கொள்கிறது. கரோட்டீன் விற்றமின் 'ஏ' ஆக மாறுவதை 1930 இல் எலிகளைக் கொண்டு தோமஸ் மூர் காட்டினார். எவ்வளவு கரோட்டீன் எவ்வளவு விற்றமினாகும் என்பதில்தான் கணக்கு மாறிக்கொண்டே வந்திருக்கிறது. பழைய சர்வதேச அலகில் 0.6 மைக்குரோகிராம் பீற்றா கரோட்டீன் ஓரலகு. உலகச் சுகாதார நிறுவனம் வழங்கிய கணக்கில் 6 மைக்குரோகிராம் கரோட்டீன் 1 மைக்குரோகிராம் ரெட்டினோலுக்குச் சமம். அமெரிக்க மருத்துவ நிறுவகம் 2001 இல் அதை 12 ஆக்கியது. அல்பா கரோட்டீனுக்கு 24.

இப்போது ஒரே முருங்கையிலையின் 6.78 மில்லிகிராமை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய அலகில் 11,300. 6 ஆல் வகுத்தால் 1,130. 12 ஆல் வகுத்தால் 565. இலையில் எதுவுமே மாறவில்லை. அலகின் பெயரைப் போடாமல் எண்ணை மட்டும் அச்சிடும் துண்டுப்பிரசுரம் எதையும் நான் நம்புவதில்லை. தாங்களும் நம்ப வேண்டாம்.

இந்தக் கணக்கு 6 இலிருந்து 12 ஆகத் தளர்ந்ததற்குக் கீரையே ஒரு காரணம் என்பதையும் சொல்ல வேண்டும். இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவில் பாலூட்டும் தாய்மாருக்கு நாள்தோறும் கரும்பச்சைக் கீரை கொடுத்துப் பார்த்த ஆய்வொன்று 1995 இல் வெளிவந்தது. அவர்களுடைய விற்றமின் 'ஏ' நிலை எதிர்பார்த்தபடி உயரவில்லை. இலையில் கரோட்டீன் பச்சையவுருமணிகளுக்குள் புரதத்தோடு கட்டுண்டு கிடப்பதால், ஆய்வுகூடத்தில் அசற்றோன் பிரித்தெடுக்கும் அளவு முழுவதையும் குடல் பிரித்தெடுப்பதில்லை. ஆகவே 12 என்பதும் கலப்புணவுக்கான சராசரி. கீரையை மட்டும் எடுத்தால் அது இன்னும் கூடலாம்.

வினா: ஆய்வுகூடத்தில் உதவியாளராக வேலை செய்கிறேன். ஒரே வல்லாரைக் கட்டிலிருந்து எடுத்த மாதிரிகளில்கூட ஒவ்வொரு முறையும் வெவ்வேறு அளவு வருகிறது. பிரித்தெடுக்கும் முறையில் எதைக் கவனிக்க வேண்டும்? விலைகூடிய கருவி இல்லாமல் பீற்றா கரோட்டீனை மட்டும் தனியே அளக்க முடியுமா? — பருத்தித்துறை.

கரோட்டீனுக்கு நான்கு பகைகள்: வெளிச்சம், காற்று, சூடு, அமிலம். நாற்பது காபன் நீளமுள்ள மூலக்கூறில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறிமாறி வரும் அந்தச் சங்கிலிதான் அதற்கு நிறத்தைக் கொடுக்கிறது. அதே சங்கிலிதான் ஒட்சிசனுக்கு இலகுவாக இரையாகிறது. யன்னலை ஒட்டிய மேசையில், யாழ்ப்பாணத்து மதிய வெளிச்சத்தில், கண்ணாடிக் குடுவையை அரைமணி நேரம் திறந்து வைத்தால் எந்தச் சமன்பாடும் உங்களைக் காப்பாற்றாது. யன்னலுக்குத் திரை போடுங்கள், குடுவைகளை அலுமினியத் தாளால் சுற்றுங்கள், குளிர்ந்த அசற்றோனைப் பயன்படுத்துங்கள், கரைப்பானை ஆவியாக்கும்போது 40 பாகையைத் தாண்ட விடாதீர்கள். அரைக்கும்போதே ஒரு சிட்டிகை மகனீசியம் காபனேற்றையோ கல்சியம் காபனேற்றையோ சேர்த்தால் இலையின் சொந்த அமிலம் அடங்கும். அது அடங்காவிட்டால் வயலாசாந்தினும் நியோசாந்தினும் வேறு பொருள்களாக மாறிவிடும். பி.எச்.ரி. எனப்படும் ஒட்சியேற்ற எதிரியைக் கரைப்பானில் சிறிதளவு சேர்ப்பதும் வழக்கம். அன்றே அளக்க முடியாத சாற்றை நைதரசன் வாயுவின் கீழ் உறைகுளிரில் வையுங்கள். மின்வெட்டு நாளில் சாதாரணக் குளிர்சாதனப் பெட்டியை நம்பி வைப்பதைவிட மறுநாள் புதிதாக இலை ஆய்வது மேல்.

ஆனால் உங்கள் அளவுகள் தளம்புவதற்கு இவற்றைவிடச் சாதாரணமான காரணமே இருக்கலாம் என எண்ணுகிறேன். அது நிறுவை. சந்தையில் காலையில் வாங்கிய கட்டும் பிற்பகலில் வாடிய கட்டும் ஒன்றல்ல. 80 சதவீதம் நீருள்ள இலை 75 சதவீதத்துக்கு வாடினால், 100 கிராமில் உலர்பொருள் 20 இலிருந்து 25 கிராமாகிறது. கரோட்டீன் ஒரு துளியும் கூடாமலே 'பச்சை நிறைக்கான' அளவு 1.25 மடங்காகத் தோன்றும். எனவே ஒவ்வொரு மாதிரியிலும் ஒரு பகுதியை உலர்த்தி நீரின் வீதத்தைக் கண்டு, இரண்டு அடிப்படையிலும் விடையை எழுதுங்கள். இளந்தளிரையும் முற்றிய இலையையும் கலந்துவிடாதீர்கள். இலைக்கறிகளில் முற்றிய கரும்பச்சை இலையில் கரோட்டீன் கூடவே இருக்கும். காம்பை நீக்கினீர்களா, எவ்வளவு நீக்கினீர்கள் என்பதும் பதிவாக வேண்டும். வெயிலில் நிற்கும் இலையில் வயலாசாந்தின் சில நிமிடங்களிலேயே சியாசாந்தினாக மாறத் தொடங்குவதால், பறித்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மொத்த அளவு இதனால் அவ்வளவு மாறாது. உள்ளே இருக்கும் பங்கு மாறும்.

இனி இரண்டாவது கேள்வி. கருவி இல்லாமல் முடியும். அசற்றோன் சாற்றைப் பெற்றோலியம் ஈதருக்கு மாற்றி, மகனீசியம் ஒட்சைட்டும் தயற்றம் மண்ணும் கலந்து அடைத்த கண்ணாடிக் குழாயின் வழியே விட்டு, ஹெக்சேனில் 10 சதவீதம் அசற்றோன் கலந்து ஊற்றினால் கரோட்டீன் மஞ்சள் வளையமாக முதலில் இறங்கிவரும். லூட்டீனும் பச்சையங்களும் குழாயிலேயே பிடிபட்டு நிற்கும். இறங்கியதை மட்டும் அளக்க வேண்டும். பச்சை இலைகளில் அல்பா கரோட்டீன் பெரும்பாலும் இல்லை அல்லது மிகக் குறைவு என்பதால், கிடைப்பதைப் பீற்றா கரோட்டீனுக்கு அண்மையான அளவு என்று கொள்ளலாம்.

கணக்குக்கு ஒரு மாறிலியை மனத்தில் வையுங்கள்: பெற்றோலியம் ஈதரில் பீற்றா கரோட்டீனின் 1 சதவீதக் கரைசல், 1 சென்ரிமீற்றர் பாதையில், 450 நனோமீற்றரில் 2592 என்ற உறிஞ்சலைத் தரும். 2 கிராம் இலையிலிருந்து பெற்ற கரோட்டீன் 50 மில்லிலீற்றரில் இருந்து, வாசிப்பு 0.52 ஆனால், 0.52 ஐ 50 ஆலும் 10,000 ஆலும் பெருக்கி, 2592 ஆலும் 2 ஆலும் வகுக்க வேண்டும். கிராமுக்கு 50 மைக்குரோகிராம், அதாவது 100 கிராமுக்கு 5 மில்லிகிராம். ஒப்பிடுவதற்காகக் கடையில் வாங்கிய தூய கரோட்டீனையும் (நியமம்) இதே மாறிலியால் முதலில் சோதியுங்கள். போத்தலின் முகப்பில் எழுதியிருக்கும் தூய்மை, போத்தலை முதன்முறை திறந்த நாளோடு முடிந்துவிடும்.

குழாயில் பிரிக்காமல், பச்சை நிறச் சாற்றையே நேரே 450 இல் வைத்து, வந்த எண்ணுக்குப் 'பீற்றா கரோட்டீன்' என்று பெயர் சூட்டும் அறிக்கைகள் இன்றும் வருகின்றன. பச்சையம் 'ஆ' வின் நீல உச்சி 453 ஐ ஒட்டியிருக்கிறது என்பதை அறிந்தவர்கள் அப்படிச் செய்யத் துணிய மாட்டார்கள். மெதனோலில் கரைத்த பொற்றாசியம் ஐதரொட்சைட்டால் சவர்க்காரமாக்கிப் பச்சையத்தைக் கழுவியகற்றலாம். ஆனால் கழுவும் ஒவ்வொரு முறையும் லூட்டீனும் கொஞ்சம் போகும். இலையின் லூட்டீன் கொழுப்பமிலத்தோடு இணையாமல் தனியே இருப்பதால், உயர் வினைத்திறன் திரவ நிறப்பிரிகைக் கருவி கைவசம் இருந்தால் அந்தப் படியே தேவையில்லை. அக்கருவியில் முப்பது காபன் சங்கிலி பூசிய நிரல் (நிறப்பொருள்களைப் பிரிக்கும் குழாய்) கிடைத்தால் அதையே தெரிவுசெய்யுங்கள். 1994 இல் கரோட்டீனொயிட்டுகளுக்கென்றே ஆக்கப்பட்டது அது. வழமையான பதினெட்டுக் காபன் நிரலில் ஒட்டிக்கொண்டு வரும் லூட்டீனும் சியாசாந்தினும் அதில் தெளிவாகப் பிரியும்.

வினா: பத்தாம், பதினோராம் தர மாணவருக்கு இலையிலுள்ள மஞ்சள் நிறப்பொருளைக் கண்ணால் காட்ட விரும்புகிறேன். பாடசாலையில் ஒளிமானி இல்லை. — விஞ்ஞான ஆசிரியை, வட்டுக்கோட்டை.

வடிதாள் போதும். பசளியையோ முருங்கையிலையையோ சிறிது அசற்றோனில் அரைத்து, அந்தச் சாற்றை வடிதாள் கீற்றின் அடியிலிருந்து இரு விரல் உயரத்தில் மெல்லிய கோடாக இட்டு, காயவிட்டு, அதே கோட்டில் பல தடவை மீண்டும் இடுங்கள். பெற்றோலியம் ஈதர் 9 பங்கும் அசற்றோன் 1 பங்கும் கலந்து, மூடியுள்ள சாடியின் அடியில் ஊற்றிக் கீற்றைத் தொங்கவிடுங்கள். கோடு திரவத்தில் முழுகக் கூடாது. கரோட்டீன் திரவத்தோடு உச்சிக்கே ஓடிவிடும்; அதன் கீழே லூட்டீன் முதலிய சாந்தோபில்கள் மஞ்சளாக நிற்கும்; அதற்கும் கீழே பச்சையம் 'அ' நீலப்பச்சையாகவும் 'ஆ' மஞ்சட்பச்சையாகவும் தங்கும். இரண்டு திரவங்களும் மிக எளிதில் தீப்பற்றுவன என்பதால் பன்சன் சுடரடுப்பு உள்ள மேசையில் இதைச் செய்யாதீர்கள்.

மாணவருக்கு ஒரு பெயரையும் சொல்லுங்கள். இந்த முறையைக் கண்டவர் மிகாயில் சுவெற் என்ற தாவரவியலாளர். போலந்தின் வார்சோவில் இருந்தபோது, சுண்ணத்தூள் அடைத்த குழாயில் இலைச்சாற்றை ஊற்றி நிறங்கள் வளையம் வளையமாகப் பிரிவதைக் கண்டு 1906 இல் எழுதினார். அக்காலத்து வேதியியலாளர் பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. அவர் 1919 இல் இறந்தார். 1930களில்தான் கரோட்டீன் ஆய்வாளர்கள் அந்தக் குழாயை மீண்டும் கையிலெடுத்தார்கள். இன்று பல இலட்சம் ரூபாய் பெறுமதியான கருவிக்குள் நடப்பதும் அடிப்படையில் அதுவே.

வினா: முருங்கையிலை வறையில் கரோட்டீன் அழிந்துவிடுகிறதா? வல்லாரைச் சம்பல் போலப் பச்சையாக உண்பது மேலா? — மானிப்பாய்.

ஒரு பகுதி அழியும்; ஆனால் எவ்வளவு என்பதை அளக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. 200 கிராம் இலையில் 100 கிராமுக்கு 6 மில்லிகிராம் வீதம் 12 மில்லிகிராம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தேங்காய்ப்பூவும் வெங்காயமும் சேர்த்து வறுத்து இறக்கியபின் வறை 240 கிராம் நிறுக்கிறது; அதில் 100 கிராமுக்கு 4 மில்லிகிராம் காணப்படுகிறது என்போம். 6 உம் 4 உம் என்று பார்த்தால் மூன்றிலொரு பங்கு அழிந்ததாகத் தோன்றும். ஆனால் முழு வறையிலும் 9.6 மில்லிகிராம் இருக்கிறது; இழந்தது ஐந்திலொரு பங்குதான், மற்றது தேங்காய்ப்பூ கொண்டுவந்த நிறை. மறுபுறம், எதுவும் சேர்க்காமல் இலையை மட்டும் வாட்டினால் நீர் வற்றி, 100 கிராமுக்கான அளவு சமைத்தபின் கூடியதுபோலவும் தோன்றும். சமைக்குமுன்னும் பின்னும் முழு நிறையை நிறுக்காத ஆய்வு எதைச் சொன்னாலும் அதில் பயனில்லை.

சூட்டினால் பீற்றா கரோட்டீனின் ஒரு பங்கு வளைந்த வடிவங்களாக மாறுகிறது. அவற்றின் விற்றமின் ஆற்றல் குறைவு. ஆனால் அதே சூடு கலச்சுவரை உடைத்துக் கரோட்டீனை விடுவிக்கிறது. கரோட்டீன் குடலில் உறிஞ்சப்படக் கொழுப்பு வேண்டும். ஒரு வேளைக்கு 3 முதல் 5 கிராம் போதும் என்பது பொதுவான கணிப்பு. தேங்காய்ப்பூவில் மூன்றிலொரு பங்கு கொழுப்பு என்பதால் 15 கிராம் தேங்காய்ப்பூவே அதைத் தந்துவிடும். எனவே குறைந்த நேரம் மூடி அவித்து, தேங்காய்ப்பூச் சேர்த்து இறக்கும் எங்கள் வறை இந்த விடயத்தில் குறை சொல்ல முடியாத உணவு. வல்லாரைச் சம்பலிலும் தேங்காய் இருக்கிறது. மிக நுண்ணியதாக அரிந்தால் நல்லது. அதில் விடும் தேசிக்காய்ப்புளி பச்சையத்தின் நிறத்தை மங்கச் செய்தாலும், உண்ணும் நேரத்துக்குள் பீற்றா கரோட்டீனுக்குப் பெரிதாக ஒன்றும் செய்துவிடாது.

வினா: முருங்கையிலைத் தூள் செய்து விற்கிறோம். பொதியில் கரோட்டீன் அளவைப் போட விரும்புகிறோம். ஆய்வுகூடத்தில் என்ன கேட்க வேண்டும்? — சாவகச்சேரி.

'கரோட்டீன் பாருங்கள்' என்று மட்டும் கேட்டால், இந்தப் பக்கத்தின் முதற் கடிதத்திலுள்ள மாணவிக்கு வந்த எண்போல மொத்த அளவு ஒன்று கிடைக்கலாம். பீற்றா கரோட்டீனைத் திரவ நிறப்பிரிகையால் தனியே அளந்து தருமாறும், தூளின் ஈரவீதத்தையும் சேர்த்துத் தருமாறும் எழுத்திலேயே கேளுங்கள். சோதனைக்காக மாதிரியில் அளந்து சேர்த்த தூய கரோட்டீனில் (நியமம்) எத்தனை சதவீதம் அளவீட்டில் மீண்டு வந்தது என்ற விவரம் அறிக்கையில் இருக்க வேண்டும். அதைத் தராத ஆய்வுகூடத்துக்குப் பணம் கட்ட வேண்டாம். வெயிலில் உலர்த்துகிறீர்களானால் முதலில் நிழலுக்கு மாறுங்கள். நேர் வெயிலில் காய்ந்த இலை கூடுதலாக இழக்கும்.

மாதிரியாக இரண்டு பொதிகளை அனுப்புங்கள். ஒன்று உலர்த்திய உடனே அலுமினியம் பூசிய பையில் காற்றகற்றி அடைத்தது. மற்றது நீங்கள் உண்மையில் விற்கும் பையில், கடைத் தட்டில் மூன்று மாதம் வெளிச்சத்தில் இருந்தது. பொதியில் அச்சிட வேண்டியது இரண்டாவது பொதியின் எண்.